எட்டு ஐம்பது, எட்டு இருபது

ஒவ்வொரு வருசமும் டிசம்பர் 26 காலமை 9.25க்கு, 2004 சுனாமியில செத்தவங்களுக்காக இலங்கை முழுக்க ரெண்டு நிமிசம் மௌனமா நிக்கச் சொல்லுவாங்க. றேடியோவில சொல்லுவாங்க, கச்சேரி எண்டுற அரசாங்கக் கந்தோரில நிப்பாங்க, றோட்டில போறவங்களும் சில பேர் சைக்கிளை நிப்பாட்டிட்டு நிப்பாங்க. நானும் சின்ன வயசில இருந்து நிண்டுகொண்டு தான் வாறன். எங்கட ஊர் நினைவுத்தூபியடியில, அம்மாவிட கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்ட காலத்தில இருந்தே எனக்கு அந்த நேரம் மனசுக்கு ஒட்டாது. ஏனெண்டா திருகோணமலையில 9.25க்கு ஒண்டும் நடக்கேல்ல. நடக்க வேண்டியதெல்லாம் அதுக்கு முன்னமே நடந்து முடிஞ்சுது. 9.25 எண்டுறது அம்மா தொண்டை கிழிய அம்மம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டு திரிஞ்ச நேரம்.

பிறகு வளர்ந்தாப் பிறகு தான் தெரிஞ்சுது அது பெரலிய நேரம் எண்டு. கொழும்பு கோட்டையில இருந்து மாத்தறைக்குப் போன சமுத்திர தேவி றயில் தெல்வத்தைக்குக் கிட்ட பெரலியவில நிண்டபோது கடல் அடிச்சதே, அந்த நேரத்தை ஒட்டித்தான் அரசாங்கம் தேசிய மௌனத்தை வச்சிருக்கு. முதல் தண்ணி வந்த உடன றயில் நிண்டிட்டுது, அக்கம்பக்கத்துச் சனமெல்லாம் றயில் பெட்டி பாதுகாப்பு எண்டு நினைச்சு அதுக்குள்ள ஏறினாங்க, மேல ஏறினாங்க, பின்பக்கம் ஒதுங்கினாங்க, அதுக்குப் பிறகு வந்த பெரிய அலை பெட்டிகளைப் பிரட்டிப் போட்டுது. ஆயிரத்து ஐநூறு பேருக்கு மேல. உலகத்திலேயே இவ்வளவு பேர் செத்த றயில் விபத்து வேற இல்ல எண்டு சொல்லுறாங்க. அந்தச் சனத்துக்காக நிக்கிறதில எனக்கு ஒரு மனக்குறையும் இல்ல, வாழ்க்கை முழுக்க நிப்பன். ஆனா எனக்குள்ள கிடந்து அரிச்சது வேற. எட்டரைக்கும் ஒன்பதுக்கும் இடையில கிழக்குக் கரை முழுக்க, கல்முனையில இருந்து எங்கட குச்சவெளி வரைக்கும், தண்ணிக்குள்ள போயிட்டுது. பெரலியவுக்கு ஒன்பதரை அளவில தான் அது போகுது. சின்ன நாடு இது. அந்த அரை, முக்கால் மணித்தியாலத்துக்குள்ள ஒரு சொல்லு கூட இஞ்சயிருந்து அங்க போய்ச் சேரேல்லையா?

அந்தக் காலமை

எனக்கு அப்ப ஒன்பது வயசு. அலஸ்தோட்டத்தில கடலுக்கும் நிலாவெளி றோட்டுக்கும் நடுவில எங்கட வீடு. ஞாயிற்றுக்கிழமை, பூரணைப் போயா லீவு, அதோட திருவெம்பாவைக் காலம், விடியக்காத்தால சங்கும் சேமக்கலமும் கேட்டு எழும்பின நாள். அம்மம்மா வழமை போல இடியப்பப் பெட்டியோட வாடிக்குப் போயிட்டா. கரைவலை இழுக்கிற ஆக்களுக்குக் காலமைச் சாப்பாடு அவ தான், அந்தக் காசில தான் எனக்கும் தம்பிக்கும் கொப்பி வாங்கினது. அப்பா மேசன். கந்தளாயில ஒரு வீட்டு வேலை நடந்துகொண்டிருந்தது, ஞாயிறு போயா எண்டெல்லாம் பார்க்காமப் போறவர், ஒன்பது மணி பஸ்ஸைப் பிடிக்க வேணுமெண்டு சேட் போட்டுக்கொண்டு நிண்டவர். கை மணிக்கூட்டைப் பார்த்திட்டு "எட்டு ஐம்பதாச்சு, நான் வெளிக்கிடுறன்" எண்டு சொன்னார். கடலிட சத்தம் கேட்டது அதுக்குப் பிறகு தான்.

கடல் உள்வாங்கினது, மீன் துள்ளினது, சனம் போய்ப் பார்த்தது எண்டு எல்லாரும் சொல்லுவாங்க, நான் அதொண்டும் பார்க்கேல்ல. நான் பார்த்தது மதிலுக்கு மேலால வந்த கறுத்தத் தண்ணி. நீலமும் இல்ல, அலை மாதிரியும் இல்ல, சேறும் ஓலையும் பலகையுமா ஒரு நிலமே எழும்பி நடந்து வாற மாதிரி. அப்பா தம்பியைத் தூக்க, அம்மா என்னை இழுக்க, றோட்டைத் தாண்டி உள்ளுக்கு ஓடினம். ஆரோ ஒருத்தரிட ட்ரக்டரில ஏத்தி கன்னியாப் பக்கம் கொண்டு போய் விட்டாங்க. அம்மம்மாவை அடுத்த நாள் பின்னேரம் கண்டெடுத்தாங்க. இடியப்பப் பெட்டி பிறகும் கிடைக்கேல்ல. இதுக்கு மேல அதை எழுத எனக்கு ஏலாது.

பிறகு பள்ளிக்கூட முகாம். எனக்கு அந்த முகாமைப் பற்றி நல்ல ஞாபகமும் இருக்கு, அதையும் சொல்ல வேணும். கந்தளாய்ப் பக்கமிருந்து சிங்களச் சனம் லொறியில சோத்துப் பார்சல் கொண்டு வந்தாங்க, பருப்பும் கருவாடும் பொல் சம்பலும், ஒரு வயசு போன அம்மா எங்கட அம்மாவைக் கட்டிப் பிடிச்சு அழுதா, ரெண்டு பேருக்கும் மற்றவவிட பாசை தெரியாது. தண்ணிக்குள்ள இருந்து எங்கட பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தது ஒரு நேவிக்காரர். முதல் நாள் வரைக்கும் சென்றியில, சோதனைச் சாவடியில, நிண்டு அடையாள அட்டை கேட்டவங்க. கிண்ணியாவில ஆஸ்பத்திரியே போயிட்டுது, அங்கத்தைய சனமும் எங்கட சனமும் ஒரே தண்ணி பவுசருக்கு முன்னால வரிசையில நிண்டுது. ஒரு கிழமையோ ரெண்டு கிழமையோ, ஒருத்தரை ஒருத்தர் பார்க்கிற பார்வை மாறியிருந்தது. ஒன்பது வயசுப் பிள்ளைக்கே அது விளங்கினது.

பேசக்கூடிய துக்கம், பேசக்கூடாத துக்கம்

அதுக்குப் பிறகு நான் வளர்ந்தது ரெண்டு விதமான துக்கத்துக்கு நடுவில. சுனாமியைப் பற்றி எவ்வளவும் பேசலாம். பேசச் சொல்லிக் கேட்பாங்க. பள்ளிக்கூடத்தில கட்டுரை, சித்திரப் போட்டி, பேச்சுப் போட்டி, வெளிநாட்டில இருந்து வாற ஆக்களுக்கு முன்னால நாடகம். நான் அம்மம்மாவைப் பற்றி எழுதின கட்டுரைக்குப் பரிசு கூடக் கிடைச்சது. ஆனா 2006இல நடந்ததுகளுக்குக் கட்டுரை இல்ல. அது வீட்டுக்குள்ள, கதவைச் சாத்தினாப் பிறகு, அதுவும் பிள்ளையள் படுத்திட்டுதுகள் எண்டு நினைச்சுக்கொண்டு பேசுற விசயம்.

2006 ஜனவரி 2 பின்னேரம், டச்சுவே கடற்கரையில காந்தி சிலையடியில அஞ்சு மாணவர்களைக் கொன்றாங்க. கம்பஸ் போகக் காத்திருந்த பிள்ளையள். குண்டு வெடிச்சுச் செத்தவங்க எண்டு முதல்ல கதை கட்டினாங்க. பத்திரிகையாளர் சுகிர்தராஜன் எடுத்த படங்களில தான் கிட்ட வச்சுச் சுட்ட காயம் வெளிச்சத்துக்கு வந்தது. அந்த மாசம் 24ஆம் தேதி அவரையும் சுட்டாங்க. வழக்கு இழுபட்டு இழுபட்டு 2019இல குற்றம் சாட்டப்பட்ட 13 பேரும் விடுதலை. பதினொரு வயசுக்குக் கிட்ட இருந்த எனக்கு அப்ப தெரிஞ்சதெல்லாம், அதுக்குப் பிறகு அப்பா எங்களைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போறதை நிப்பாட்டிட்டார் எண்டது மட்டும் தான். நாங்க கடலுக்குப் பயந்து போகாம இருந்திட்டு, அப்ப தான் மெல்ல மெல்லத் திரும்பப் போகத் தொடங்கியிருந்தம்.

அந்த வருசம் ஓகஸ்ட் 4. மூதூரில ஏசிஎஃப் எண்டு நாங்க சொல்லுற பிரெஞ்சு தொண்டு நிறுவனத்தில வேலை செய்த 17 பேரை அவங்கட அலுவலக வளவுக்குள்ளேயே வச்சுச் சுட்டாங்க. 16 தமிழர், ஒரு முஸ்லிம். சுனாமியில பாதிக்கப்பட்ட சனத்துக்குத் தண்ணி வசதி, கக்கூஸ் வசதி செய்து குடுத்துக்கொண்டிருந்த பிள்ளையள். உப்பேறின கிணறு இறைக்க, தண்ணி டாங்கி வைக்க எங்கட முகாமுக்கும் அந்த மாதிரி அண்ணாமார் தான் வந்தவங்க, நிறுவனத்தின்ர பேர் போட்ட ரீசேட்டோட. அந்த ரீசேட்டைப் போட்டுக்கொண்டால் ஆரும் ஒண்டும் செய்ய மாட்டாங்க எண்டு நம்பின காலம் அது. இண்டைக்கு வரைக்கும் அந்தக் கொலைக்கு ஒருத்தருக்கும் தண்டனை இல்ல. அம்மா அந்தச் செய்தியைக் கேட்ட இரவு சொன்னது எனக்கு நல்லாக் கேட்டுது: "கடல் விட்டு வச்சதுகளைத் தானே இப்ப கொண்டு போறாங்க."

நான் படுத்திருந்த மாதிரிக் கிடந்தன். அடுத்த டிசம்பரிலயும் கட்டுரை எழுதச் சொன்னாங்க. எழுதினன். அதில ஓகஸ்ட்டைப் பற்றி ஒரு வரியும் வராது, வரக்கூடாது எண்டு ஒருத்தரும் சொல்லித் தரேல்ல, ஆனா வகுப்பில இருந்த எல்லாருக்கும் அது தெரியும். எதைத் தேசியத் துயரம் எண்டு எழுதலாம், எதை எழுதக்கூடாது எண்டு பிள்ளையளுக்கு எப்பிடித் தான் தெரியுதோ, தெரிஞ்சிடுது.

பழைய நேரம், புது நேரம்

இவ்வளவும் தெரிஞ்சும் எனக்கு சுனாமி வேற, யுத்தம் வேற எண்டு தான் மனசுக்குள்ள ரெண்டு பெட்டியில கிடந்தது. ஒண்டு கடல் செய்தது, மற்றது மனிசன் செய்தது. அது ரெண்டும் ஒண்டாகினது 2023 டிசம்பரில.

என்னோட வேலை செய்யிற ஒரு அக்கா இலங்கைத்துறை முகத்துவாரத்தைச் சேர்ந்தவ. ஈச்சிலம்பற்றுப் பக்கம். அவவிட தம்பி சுனாமியில போனவன். அவங்கட வீட்டில 26ஆம் தேதி கணக்கில்ல, மார்கழிப் பூரணையில தான் திவசம் குடுக்கிறது, திதி தானே முக்கியம். அந்த வருசம் பார்த்தா பூரணையும் டிசம்பர் 26ஆம் தேதியும் ஒரே நாளில விழுந்துது. 2004இலயும் அப்பிடித்தான், சரியா 19 வருசத்துக்குப் பிறகு சந்திரன் அதே தேதிக்கு வந்து நிண்டது. அக்கா கேட்டா, "இந்த முறை எங்கட வீட்டுக்கு வாவன் பிள்ள, உனக்கும் அம்மம்மாவிட நாள் தானே." எங்கட வீட்டுப் படையலை முதல் நாளே அம்மாவோட சேர்ந்து ஆயத்தம் செய்து குடுத்திட்டு, விடிய நான் பஸ் ஏறிட்டன். கிண்ணியாப் பாலம், மூதூர், கிளிவெட்டி எண்டு போற வழி. முந்தி அந்த வழியில ஒவ்வொரு ஆத்துக்கும் மிதவைப் பாதையில வாகனத்தை ஏத்தி இறக்க வேணும், இல்லையெண்டா டவுனில இருந்து மூதூருக்கு லோஞ்ச் படகு. இப்ப பாலத்தால பறந்து போயிடலாம். போற வழியெல்லாம் ஒரு காலத்தில முகாம் இருந்த வெறும் நிலங்கள்.

மத்தியானம் படையல் எல்லாம் முடிஞ்சு, வாழையிலையில சாப்பிட்டிட்டு, திண்ணையில இருந்து கதைச்சுக்கொண்டிருந்தம். அக்காவிட அம்மா நல்லாக் கதைப்பா, அழமாட்டா, சொல்ல வேண்டியதைச் சொல்லுவா. "தம்பிக்கு ரெண்டு நாளாக் காய்ச்சல் பிள்ள. எட்டு மணிக்கு மருந்து குடுத்திட்டு இருபது நிமிசம் கழிச்சுத் தான் சாப்பாடு குடுக்கச் சொல்லி டொக்டர் சொன்னவர். நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே கஞ்சியை ஆத்திக்கொண்டிருக்கிறன். எட்டு இருபது சரியா. கஞ்சியை எடுத்துக்கொண்டு திரும்புறன், தண்ணி வீட்டுக்குள்ள."

நான் கொஞ்ச நேரம் ஒண்டும் சொல்லேல்ல. பிறகு மெல்லக் கேட்டன், "அம்மா, எட்டு இருபதா? எங்களுக்கு எட்டு ஐம்பதுக்கு மேல தானே வந்தது?" அவ உறுதியாச் சொன்னா, "எட்டு இருபது. அதை நான் மறப்பனா?" மறக்க மாட்டா எண்டு எனக்கும் தெரியும். அப்பா எட்டு ஐம்பதைப் பிழையாச் சொல்லியிருக்க மாட்டார் எண்டதும் தெரியும், பஸ்ஸுக்குப் போற மனிசன். அப்ப எப்பிடி? ஆழ்கடல்ல விமானம் போற வேகத்தில வந்த அலை, முகத்துவாரத்துக்கும் அலஸ்தோட்டத்துக்கும் இடையில இருக்கிற இந்தக் கொஞ்சத் தூரத்துக்கு அரை மணித்தியாலம் எடுத்திருக்க ஏலாது.

அக்கா தான் விசயத்தை உடைச்சா. கழுவின இலைக் கூடையைத் திண்ணையில வச்சிட்டு, பெரிய விசயம் மாதிரிக் கூட இல்லாம, "அது இயக்கத்தின்ர நேரம் பிள்ள. அம்மா சொல்லுறது பழைய நேரம். உங்கட டவுனில அப்ப புது நேரம்" எண்டா.

எனக்கு அது தெரியாத விசயமில்ல, பாட்டன் பூட்டன் கதை மாதிரி எங்கேயோ கேள்விப்பட்டது தான். 1996இல கரண்ட் பஞ்சம் எண்டு அரசாங்கம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினது, பிறகு அதே வருசம் அரை மணித்தியாலம் பின்னுக்கு எடுத்தது. அதோட அரை மணித்தியாலம் முன்னுக்கு நிண்டிட்டுது. இயக்கம், அதாவது புலிகள், அந்த மாத்தத்தை ஏற்கேல்ல, அவங்கட கட்டுப்பாட்டுப் பகுதி எல்லாம் பழைய நேரத்திலேயே இருந்தது. வன்னியில அப்பிடி எண்டு தெரியும். ஆனா எங்கட மாவட்டத்துக்குள்ளேயே, துறைமுகத்துக்கு அந்தப் பக்கம், இரவில சம்பூர் விளக்கு தெரியிற தூரத்தில, வேற நேரம் ஓடிக்கொண்டிருந்தது எண்டதை நான் ஒரு நாளும் அந்தக் காலமையோட சேர்த்துப் பார்த்ததில்ல. அக்கா சொன்னா, மூதூருக்குச் சாமான் வாங்க வாற நாளில சென்றியைத் தாண்டின உடன மணிக்கூட்டைத் திருப்புவாங்களாம். சில பேர் திருப்பாம மனசுக்குள்ளேயே கூட்டிக் கழிச்சுக்கொள்ளுவாங்களாம். கிளினிக், சோதனை, லோஞ்ச் எண்டு எதைச் சொன்னாலும் "பழைய நேரமோ புது நேரமோ?" எண்டு ஒரு கேள்வி கட்டாயம் இருக்குமாம்.

அப்ப, ஒரே அலை. ஒரே நிமிசம். எங்கட அப்பாவிட கையில எட்டு ஐம்பது, அந்த அம்மாவிட சுவரில எட்டு இருபது. அம்மம்மாவும் அந்தப் பெடியனும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில செத்திருக்கினம், ஆனா நாங்க 19 வருசமா அரை மணித்தியால வித்தியாசத்தில அழுதுகொண்டிருந்திருக்கிறம். திண்ணையில இருந்து நான் விம்மி விம்மி அழுதது அதுக்குத் தான். அக்காவிட அம்மா என்னைப் பார்த்து, "என்ன பிள்ள, சாப்பாடு உறைப்போ?" எண்டு கேட்டா. அக்கா சொன்னா, "இல்லம்மா, நேரத்துக்கு அழுகிறா."

கொழும்புக்குப் போன கோல்

அண்டைக்கு வீட்டுக்கு வந்த உடன அம்மாவிட்டக் கேட்டன், அண்டைக்கு ஆருக்காவது சொன்னீங்களா, கொழும்புக்கு, எங்கேயாவது. அம்மா யோசிச்சிட்டு ஒரு விசயம் சொன்னா. நாங்க கன்னியாப் பக்கம் போன பிறகு, ஆரோ ஒருத்தரிட கைபோனில அப்பா வெள்ளவத்தையில இருக்கிற மாமிக்கு எடுத்திருக்கிறார். ஒன்பது மணி கொஞ்சம் தாண்டியிருக்கும். லைன் விட்டு விட்டு வந்திருக்கு. "சனமெல்லாம் ஓடுது, வீடெல்லாம் போயிட்டுது, அம்மாவைக் காணேல்ல" எண்டு அப்பா கத்தினாராம். மாமி கேட்ட முதல் கேள்வி, "ஐயோ, திரும்பத் தொடங்கிட்டாங்களா?"

சண்டை தொடங்கிட்டுது எண்டு தான் அவ விளங்கியிருக்கிறா. அப்பா கடல் எண்டு சொல்ல லைன் அறுந்திட்டுது. மாமி உடன எங்களுக்காகச் சாமிக்கு விளக்கு ஏத்தினாவாம், பிள்ளையளை வெளியில போகாதீங்க எண்டு உள்ளுக்கு வச்சாவாம். வெள்ளவத்தையில அவவிட வீடு கடலுக்குப் பக்கத்துத் தெருவில. நல்ல காலம் அந்தப் பக்கம் தண்ணி பெருசா ஏறேல்ல.

மாமியில ஒரு பிழையும் இல்ல. திருகோணமலையில சனம் ஓடுது எண்டா 1983இல இருந்து அதுக்கு ஒரே ஒரு அர்த்தம் தான் இருந்தது. யுத்த நிறுத்த ஒப்பந்தம் 2002இல வந்து ரெண்டு வருசம் தாண்டியும் அந்த அர்த்தம் மாறேல்ல. கிழக்கில இருந்து வாற அழுகை எல்லாம் யுத்தச் செய்தி. அதைக் கேட்ட உடன கொழும்பில இருக்கிறவங்க கதவைச் சாத்துவாங்க, கடல் தங்களுக்கும் வருது எண்டு ஓட மாட்டாங்க.

இதை நான் பெருசாக்கிச் சொல்ல விரும்பேல்ல. நாடு ரெண்டாக் கிடந்ததால தான் பெரலியவில அவ்வளவு பேர் செத்தாங்க எண்டு சொன்னா அது நேர்மையான கதை இல்ல. திருகோணமலை டவுனும் கல்முனையும் அரசாங்கத்திட்டத் தான் இருந்தது, போன் இருந்தது, இஞ்ச பெரிய கடற்படைத் தளமே இருந்தது. காலமை 6.58க்கு சுமாத்திராவில பூமி அதிர்ந்ததை ஹவாயில இருந்த நிலையம் அறிஞ்சும், இந்து சமுத்திரத்துக்கு எண்டு எச்சரிக்கை ஏற்பாடே அப்ப இல்லாதபடியால் அது எங்களுக்கு வந்து சேரேல்ல. இப்பிடி ஒண்டு வரும் எண்டு இஞ்ச ஒருத்தருக்கும் தெரியாது. இதெல்லாம் உண்மை. ஆனா ஒருத்தர் கத்தினா மற்றவருக்குக் கேட்கிற நாடாவும் அது அப்ப இருக்கேல்ல, அதுவும் உண்மை தான். முகத்துவாரத்தில இருந்தவங்க ஆருக்குச் சொல்லுறது? சென்றிக்கா? அலஸ்தோட்டத்தில இருந்தவங்க சொன்னாலும் மாமி கூட அதை வேற மாதிரித் தானே விளங்கினா.

2012 ஏப்ரல் 11 எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். சுமாத்திராப் பக்கம் திரும்பப் பெரிய நிலநடுக்கம், பின்னேரம், எச்சரிக்கை வந்தது, நாங்க எல்லாரும் ஓடினம். கடல் வரேல்ல. ஆனா அண்டைக்கு எனக்கு மறக்காத விசயம், காலியில படிக்கிற ஒரு சிங்களப் பிள்ளை, அவளை ஒரு பயிற்சி வகுப்பில ஒரு தரம் தான் கண்டனான், அவள் எனக்குக் கோல் எடுத்து "நீங்க ஓடிட்டீங்களா, உங்கட பக்கம் தான் முதல் வரும்" எண்டு இங்கிலிசில கத்தினாள். உங்கட பக்கம் தான் முதல் வரும். அதை அவள் தெரிஞ்சு வச்சிருந்தாள்.

இன்னொரு கணக்கும் எனக்கு அந்த திண்ணைக்குப் பிறகு தான் விளங்கினது. சுனாமி உதவியைப் பங்கிட அரசாங்கமும் இயக்கமும் சேர்ந்து ஒரு பொதுக்கட்டமைப்புக்கு 2005 ஜூன் 24 கையெழுத்து வச்சாங்க. அரசாங்கத்தில பங்காளியா இருந்த ஜேவிபி கட்சி அதை எதிர்த்து அரசாங்கத்தை விட்டே போச்சு, ஜூலை 15 உயர் நீதிமன்றம் அதின்ர முக்கியமான பகுதிகளுக்குத் தடை போட்டுது. செத்தவங்கட பேரில வந்த காசைக் கூட ஒரே மேசையில வச்சு எண்ண ஏலாமப் போச்சு. அக்காவிட ஊரில வீட்டுத் திட்டம் அத்திவாரத்தோட நிண்டுது. பிறகு 2006 ஏப்ரலில, தமிழ் சிங்களப் புதுவருசத்தோட, 15ஆம் தேதி அரசாங்கம் மணிக்கூட்டைப் பழைய நேரத்துக்கே கொண்டு வந்தது. நாடு முழுக்க ஒரே நேரம். அதுக்கு மூண்டு நாளுக்கு முதல் எங்கட மார்க்கெட்டில குண்டு வெடிச்சு, பிறகு தமிழ்க் கடைகளை எரிச்சு, ஆக்களை வெட்டி, டவுன் ஊரடங்கில கிடந்தது. நேரம் மாத்திப் பத்து நாளுக்குப் பிறகு, 25ஆம் தேதி, சம்பூருக்குக் கிபிர் விமானம் வந்து குண்டு போட்டுது. ஒரே நேரத்துக்கு வந்த மணிக்கூட்டில தான் அந்தக் குண்டு விழுந்த நேரத்தையும் பார்த்திருப்பாங்க.

அக்காவிட குடும்பம் அந்த வருசம் கடலடியில போட்டிருந்த தற்காலிகக் கொட்டிலை விட்டிட்டு வாகரைக்கு, அங்கயிருந்து மட்டக்களப்புக்கு எண்டு ஓடினது. மூதூர் முஸ்லிம் சனம் கந்தளாய்க்கு நடந்தது. சம்பூர்ச் சனம் கிளிவெட்டி முகாமில வருசக்கணக்கா இருந்தது. அவங்களில எத்தினை பேர் சுனாமிக்கும் ஓடினவங்க. நான் பள்ளிக்கூடத்தில ரெண்டு பெட்டியில வச்சிருந்ததை அந்தச் சனம் ஒரே உடம்பில கொண்டு திரிஞ்சது. ஒரே சட்டி பானையோட ரெண்டு தரம் ஓடின ஆக்களிட்டப் போய், இது தேசியத் துயரம், அது வேற விசயம் எண்டு எப்பிடிப் பிரிச்சுச் சொல்லுறது? இலங்கை முழுக்க 35,000 பேருக்கு மேல, எங்கட மாவட்டத்தில ஆயிரத்துக்கு மேல எண்டு சுனாமிக் கணக்கு இருக்கு, அதுக்குத் தூபி இருக்கு, மௌனம் இருக்கு. அந்தத் தூபிக்கு முன்னால நிக்கிற அம்மாமாரில சில பேருக்கு ஒரு பிள்ளை கடலில, இன்னொரு பிள்ளை பிறகு. பிறகு போன பிள்ளைக்கு நிக்க அவங்களுக்கு இடமும் இல்ல, நேரமும் குறிச்சுக் குடுக்கேல்ல.

இப்ப நான் ஒரு கொப்பி வச்சிருக்கிறன். அந்தக் காலமையைக் கண்ட ஆரைக் கண்டாலும் எத்தினை மணி, எந்த நேரம் எண்டு கேட்டு எழுதுறன். கிண்ணியா ஆஸ்பத்திரியடியில நிண்ட ஒரு முஸ்லிம் காக்கா, அண்ணர் முறை, எட்டு ஐம்பத்தஞ்சு எண்டு சொன்னார், புது நேரம். குச்சவெளியில ஒரு மாமி நேரம் பார்க்கேல்ல, ஆனா கோயில்ல காலமைப் பூசை முடிஞ்சு மணி கட்டின கையோட எண்டா. கூனித்தீவில ஒரு அப்பு எட்டரை இருக்கும் எண்டு தொடங்கிட்டு, பிறகு தானே நிப்பாட்டி, "பழைய நேரம், எழுது" எண்டு விரலால கொப்பியைத் தொட்டுக் காட்டினார். வெருகல், வாழைத்தோட்டம், புல்மோட்டைப் பக்கம் எனக்கு இன்னும் ஆள் கிடைக்கேல்ல. அங்கத்தைய ஆக்கள் இதை வாசிச்சா, இல்ல வாசிக்கிற ஆருக்காவது அங்க அம்மா அப்பா மாமா இருந்தா, கேட்டு எனக்கு எழுதுங்க. நேரம் ஞாபகமில்லையெண்டா அந்த நேரத்தில என்ன செய்துகொண்டிருந்தாங்க எண்டாவது எழுதுங்க, அடுப்பில என்ன இருந்தது, ஆர் எங்க நிண்டது. நேரம் சொன்னா பழசோ புதுசோ எண்டதைக் கட்டாயம் போடுங்க.